அறையைவிடக் குளிர்ந்த டிஸ்க்

இதைச் சொல்லத் தொடங்கியதும் நீங்கள் என் முகத்தைத்தான் பார்ப்பீர்கள் என்று தெரியும். இத்தனை வருடம் ரயிலில் போய்வந்து களைத்தவள், கணவரை இழந்தவள், ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தில் ஏதோ கனவு கண்டிருப்பாள் என்று உங்களுக்குள் ஒரு எண்ணம் ஓடும். ஓடட்டும். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைப்பேன். ஆவி, காத்து, கருப்பு எதையும் நான் நம்பியவள் இல்லை. என் மாமனார் சுரங்கத்தில் இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே புத்தரை ஏற்றுக்கொண்ட குடும்பம் எங்களுடையது. மந்திரித்த கயிறும் எலுமிச்சம்பழமும் எங்கள் வாசற்படி ஏறியதில்லை. போதாததற்கு என் பிழைப்பே எண்களை நம்புவதுதான்.

பெங்களூரில் ஒரு பெரிய கணினிக் கூடத்தில் வேலை. விடியும் முன்பே கோலார் தங்கவயலிலிருந்து ரயில் ஏறி, இருட்டிய பிறகு திரும்பி வருகிற ஆயிரக்கணக்கானவர்களில் நான் ஒருத்தி. அந்தக் கூடத்தில் வரிசை வரிசையாக ஹார்ட் டிஸ்க்குகள் இரவு பகலாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றில் எது சாகப்போகிறது என்று முன்கூட்டியே சொல்வதுதான் என் குழுவின் வேலை. ஒவ்வொரு டிஸ்க்கும் தன்னைப் பற்றித் தானே ஒரு நாட்குறிப்பு எழுதிக்கொள்ளும். எத்தனை மணி நேரம் ஓடியது, உள்ளே இருக்கும் தட்டில் எத்தனை இடம் கெட்டுப்போய் அங்கே இருந்ததை வேறு இடத்துக்கு மாற்றியது, இப்போது எத்தனை டிகிரி சூடு என்று எல்லாம் அதில் இருக்கும். அதைப் படித்து, இது தேறாது, மாற்றிவிடுங்கள் என்று எழுதிக்கொடுப்போம். பல சமயம் சரியாக இருக்கும். ஆனால் இந்த வேலையில் பல வருடம் இருந்தவர்கள் வெளியே சொல்லிக்கொள்ளாத ஓர் உண்மை உண்டு. எந்த அறிகுறியும் காட்டாமல், நாட்குறிப்பில் ஒரு கறைகூட இல்லாமல், சட்டென்று செத்துப்போகிற டிஸ்க்குகள் ஏராளம். அறிக்கையில் 'நலம்' என்று இருந்தால் கெட்ட சேதி இன்னும் வரவில்லை என்றுதான் பொருள். வராது என்று பொருளில்லை.

இதை என் கணவர் மனோகரனிடம் ஒருமுறை சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. அவர் சுரங்கம் மூடும்வரை அடியில் வேலை பார்த்தவர். அவருடைய கேங்கில் கூரையைத் தட்டிப் பார்ப்பவர் அவர்தான். வெடி வைத்து முடித்த இடத்துக்குள் ஆட்கள் நுழையுமுன் ஒருவர் மட்டும் இரும்புக் கம்பியோடு போய், தலைக்கு மேலே இருக்கும் பாறையை மூன்று முறை தட்டிவிட்டு நிற்க வேண்டும். தட்டிய பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசக்கூடாது, மூச்சுக்கூட விடக்கூடாது. பாறை 'டங்'கென்று மணிபோல் ஒலித்தால் உறுதியாக இருக்கிறது, வரலாம். 'டொப்'பென்று பொத்தலாகக் கேட்டால் உள்ளே விரிசல் விட்டிருக்கிறது, போட்டது போட்டபடி வெளியேற வேண்டும். இந்தப் பழக்கம் அவரைக் கடைசிவரை விடவில்லை. எங்கள் வீட்டு அறைக்குள் நுழையும்போதுகூட விரல் முட்டியால் நிலைப்படியை மூன்று தட்டுத் தட்டி, காதைச் சாய்த்து ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வருவார். இன்னாங்க, வீடு இடிஞ்சி விழப்போவுதா என்று கேலி செய்வேன். சிரித்துக்கொள்வார்.

அன்றைக்கு அவர், "உன் டிஸ்க்கு சாவப்போவுதுன்னு உனக்கு எப்டித் தெரியும்?" என்று கேட்டார். நான் நாட்குறிப்புக் கதையைச் சொன்னேன். சொல்லாமல் சாகிறவை உண்டா என்றார். நிறைய உண்டு என்றேன்.

"பாறையும் அப்டித்தான் அமுதா. விழறதுக்கு முந்தின நிமிசம் வரைக்கும் நல்லாத்தான் கீது. சரி, சூடு ஏறிச்சினா?"

"எல்லாரும் நெனைக்கிற அளவுக்கு இல்லைங்க. ஜில்லுனு வச்சாலும் சாவறது சாவுது."

"நாங்களும் கீழ சூட்டுக்குப் பயந்ததே இல்ல. வேர்த்துக் கொட்டினாப் பரவால்ல. காரணமே இல்லாம ஜில்லுனு ஒரு காத்து மூஞ்சில பட்டா அப்பதான் ஓடுவோம்."

பிறகு இருமல் வந்துவிட்டது. பாறைத் தூசி அவர் நுரையீரலில் தங்கிவிட்டதை எங்களுக்கு டாக்டர் சொன்னபோது எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "உள்ளெல்லாம் தூசிம்மா" என்று மட்டும் சொன்னார். அந்த இரண்டு சொல்லுக்கு மேல் எங்களுக்கும் எதுவும் தேவைப்படவில்லை.

தனக்கு நாள் அதிகம் இல்லை என்று தெரிந்த பிறகு அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. அவரைப்போலவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பழைய ஆட்கள் பலருக்கு, எந்த ஷாஃப்டில் இறங்கி எந்த ஆழத்து லெவலில் என்ன வேலை பார்த்தோம் என்று காட்டக் காகிதம் ஏதும் இல்லை. அந்த வேலையால்தான் இந்த நோய் என்று ஒரு சான்று எழுதி வாங்கச் சங்கத்தார் கோலாருக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தார்கள். இவர் வீடு வீடாகப் போய், கைபேசியை எதிரே சாய்த்து வைத்து, ஒவ்வொருவரையும் பேசச்சொல்லிப் பதிவு செய்தார். முப்பத்தொரு பேர். முகம் அவர்களுடையது, கேள்வி கேட்கும் குரல் இவருடையது. கைபேசியில் இடம் நிறைந்துவிடும்போதெல்லாம் வீட்டில் இருந்த ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டு, கைபேசியில் இருந்ததை அழித்துவிடுவார். கடைசியாகப் பதிவானவர் ஆண்டர்சன்பேட்டை முனுசாமி மாமா. அதற்கு அடுத்த மாதம் இவர் போய்விட்டார்.

அந்த டிஸ்க்குக்கு இரண்டாவது பிரதி இல்லை. உங்களுக்குச் சிரிப்பு வரலாம். பிரதி எடு, பிரதி எடு என்று ஊருக்கெல்லாம் சொல்லிப் பிழைப்பவள் தன் வீட்டில் எடுக்கவில்லை. பிரதி எடுத்தால் சரியாக வந்திருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும். திறந்தால் அவர் குரல் கேட்கும். அதற்கு எனக்குத் தெம்பு இல்லை. அதனால் அவர் போனதிலிருந்து மூன்று வருடமும் நான் செய்தது இவ்வளவுதான்: மாதத்தில் ஒரு ஞாயிறு அந்த டிஸ்க்கை மடிக்கணினியில் சொருகி, பதிவுகளைத் தொடாமல், அதன் நாட்குறிப்பை மட்டும் படிப்பேன். சூடு எவ்வளவு, கெட்ட இடம் உண்டா என்று பார்ப்பேன். நலம் என்று வரும். கழற்றி அலமாரியில் வைத்துவிடுவேன். காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறவளைப்போல.

போன சித்திரையில் சங்கத்து ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். கோலாரில் அந்தச் செவ்வாய்க்கிழமை விசாரணை. இறந்தவர்களின் பேச்சையும் கேட்க அதிகாரி ஒப்புக்கொண்டுவிட்டார், பதிவுகளைக் கொண்டுவாருங்கள் என்றார்கள். முப்பத்தொரு பேரில் அப்போது உயிரோடு இருந்தவர் முனுசாமி மாமா ஒருவர்தான். அவரும் ஆக்சிஜன் குழாயை விட்டு எழுந்து வரும் நிலையில் இல்லை. போன் போட்டுக் கொடுக்கச்சொல்லி, "என் பேச்சு பத்திரமா கீதாம்மா?" என்று கேட்டார். பத்திரமாக இருக்கிறது மாமா என்று சொன்னேன். பார்க்காமலே சொன்னேன்.

இனிமேல் சொல்லப்போவதை நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிறு மதியம். வழக்கம்போல் டிஸ்க்கைச் சொருகி நாட்குறிப்பைப் பார்த்தேன். எல்லாம் நலம், சூடு நாற்பத்தொன்று. வெயில் காலத்தில் அது சாதாரணம். திங்கட்கிழமை அலுவலகத்துக்கு எடுத்துப்போய் அங்கேயே பிரதி எடுத்துக்கொள்ளலாம், அங்கே என்றால் மனதும் கொஞ்சம் உறுதியாக இருக்கும் என்று எண்ணி, சொருகியதைக் கழற்றக்கூட அலுப்பாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டுப் படுத்தேன். சூட்டை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பில் குறித்து வைக்கும் சிறிய நிரல் ஒன்றை நானே எழுதியிருந்தேன், அதுவும் ஓடிக்கொண்டிருந்தது. வாரம் முழுக்க நின்றுகொண்டே வந்த ரயிலின் ஆட்டம் இன்னும் காலில் இருந்தது.

மூன்று தட்டு கேட்டது. பிறகு அமைதி.

கதவைத் திறந்து பார்த்தேன், யாருமில்லை. தெருவில் வெயில் மட்டும் நின்றது. மறுபடி படுத்தேன். மறுபடி மூன்று தட்டு, மறுபடி அமைதி. சாகப்போகிற டிஸ்க் ஒலி எழுப்பும் என்பது எனக்குத் தெரியாததல்ல. உள்ளே தட்டின்மேல் நகரும் கை தடுமாறி அடித்துக்கொள்ளும்போது கடிகாரம்போல் டிக், டிக் என்று உலர்ந்த சத்தம் வரும், எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இது அது இல்லை. இரும்பு கல்லில் படுகிற சத்தம், அதுவும் பொத்தலான கல்லில். மூன்றாவது முறை கேட்டபோது அது மேசையிலிருந்து வருகிறது என்று புரிந்து, போய் டிஸ்க்கின்மேல் கையை வைத்தேன்.

ஜில்லென்று இருந்தது. அதன் உலோக உறை முழுக்க வியர்த்து, மேசையில் ஈரம் வட்டமாகப் பரவியிருந்தது.

திரையைப் பார்த்தேன். இருபத்தைந்து. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபத்துநான்கு. அந்த அறையில் விசிறிக்கு அடியிலேயே எனக்கு முதுகு நனைந்துகொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க், தான் இருக்கும் அறையைவிடக் குளிர்ந்திருக்க வழியே கிடையாது. இதில் எனக்குச் சந்தேகம் வைக்க இடமில்லை, இது என் தொழில். சூட்டை அளக்கும் கருவி கெட்டிருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். என் கை கெடவில்லையே.

மூன்று தட்டுக்குப் பிறகு வரும் அந்த மௌனம், யாரும் பேசக்கூடாத அந்த இடைவெளி, அதை நான் முப்பது வருடம் என் வீட்டு நிலைப்படியில் கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை என்கிற எண்ணம் என்னைவிட்டு விலகியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் பதிவிலிருந்து மடிக்கணினிக்குப் பிரதி எடுக்கத் தொடங்கினேன்.

மெதுவாகத்தான் வந்தது. ஒவ்வொரு பதிவு முடியும்போதும் மூன்று தட்டு, பொத்தலாகத்தான் கேட்டது. பத்தாவதோ பதினொன்றாவதோ ஓடும்போது பக்கத்து வீட்டிலிருந்து என் நாத்தனார் சரோஜா மாவுக் கிண்ணத்தைத் திருப்பித் தர வந்தாள். ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே கிண்ணத்தை வைக்க மேசையில் இடம் தேடி, டிஸ்க்கைக் கையால் ஒதுக்கப்போனவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னா அண்ணி, இத ஐஸ் பொட்டியில வச்சி எடுத்தியா?"

சத்தம் ஏதாவது கேட்கிறதா என்றேன். விசிறி கடகடவென்கிறது, எண்ணெய் விடக்கூடாதா என்றாள். ஆனால் அவள் கை குளிர்ந்ததை அவள் இன்றுவரை மறுக்கவில்லை. வேண்டுமானால் அவளையே கேளுங்கள். சாயங்காலம் டீ குடிக்க வந்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முப்பது பதிவுகள் வந்துவிட்டன. முப்பத்தொன்றாவது முனுசாமி மாமாவுடையது. அது முக்கால்வாசி வந்து நின்றுவிட்டது. சூடு பத்தொன்பது, பதினெட்டு, பதினேழு என்று இறங்கியது. என் அனுபவத்தில் அந்த இடத்தில் நின்றது அப்புறம் நகர்ந்ததே இல்லை. கேபிளைத் தொடவும் பயம், தொடாமலிருக்கவும் பயம். அப்போது நான் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை, சரோஜாவிடம்கூட. ஆளில்லாத அந்த அறையில் வாய்விட்டுப் பேசினேன்.

"இது ஒண்ணு மட்டுங்க. மாமா காத்துகினு இருக்காரு."

ஒரே ஒரு தட்டு. 'டங்'கென்று, மணியடித்ததுபோல, அறை முழுக்க நின்று ஒலித்தது. திரையில் பதிவு நகர்ந்தது, நிறைந்தது, முடிந்தது. அடுத்த நொடி டிஸ்க்கின் சுழற்சி நின்று, அதன் பெயர் திரையிலிருந்து மறைந்தது. நான் கேபிளை உருவி மடியில் வைத்துக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நாற்பத்தொன்று. கொஞ்ச நேரம் பொறுத்து, கேபிளைக் கையில் பிடித்திருக்கிறேன் என்பதுகூடத் தெரியாமல், சரோஜா வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. எல்லாவற்றையும் மூன்று பிரதி எடுத்தேன். சாயங்காலம் ஆண்டர்சன்பேட்டைக்குப் போய், முனுசாமி மாமாவுக்கு அவருடைய பதிவைப் போட்டுக் காட்டினேன். மூக்கில் குழாயோடு, தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு, எந்த லெவலில் யார் யாரோடு நின்று துளை போட்டேன் என்று தான் சொல்வதற்குத் தானே தலையாட்டிக்கொண்டு கேட்டார். கடைசியில் படத்துக்கு வெளியிலிருந்து, போதும் மாமா, தண்ணி குடிங்க என்று இவர் குரல் வந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மனோகரு கொரல நீ கேட்டு எவ்ளோ நாளாச்சிம்மா?"

"மூணு வருசம் மாமா."

"இன்னொரு தபா போடு."

செவ்வாய்க்கிழமை கோலாரில் அந்தப் பதிவுகளை அதிகாரி பொறுமையாகக் கேட்டார். அதன் பிறகு எத்தனையோ நடை, எத்தனையோ கையெழுத்து. ஆனால் முப்பத்தொரு பெயரும் காகிதத்தில் ஏறிவிட்டன. முனுசாமி மாமா ஐப்பசியில் தன் பெயர் இருந்த அந்தக் காகிதத்தின் நகலைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

இதோடு முடிந்திருந்தால் நானும் களைப்பு, வெயில், துக்கம் என்று ஏதாவது சொல்லி என்னைச் சமாதானப்படுத்தியிருப்பேன். செத்த டிஸ்க்கை எறிய மனமில்லாமல், என் குழுவில் வேலைபார்க்கும் சந்துருவிடம் அந்த வாரமே திறந்து பார்க்கச்சொல்லிக் கொடுத்திருந்தேன். பங்காருபேட்டைக்காரர், தினமும் அதே ரயிலில் ஏறுகிறவர், டிஸ்க்குகளைப் பிரித்து மேய்வதில் அவரைப்போல ஆள் கிடையாது. ஒரு வாரம் கழித்து ரயிலில் என் எதிரே வந்து உட்கார்ந்து, எப்போது கடைசியாக ஓடியது என்று கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை என்றேன். என்னைப் பார்த்தார்.

"சான்ஸே இல்ல மேடம். தட்டு மொத்தமும் சுரண்டிப் போயிருக்கு. இது செத்துப் பல மாசம் ஆயிருக்கணும். இதுல இருந்து ஒரு எழுத்துகூட படிக்க முடியாது." கொஞ்சம் தயங்கி, "உள்ளெல்லாம் தூசி மேடம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும், அது ஞாயிறு ஓடியதைச் சந்துருவுக்குக் காட்டலாம் என்று, நிமிடத்துக்கு நிமிடம் சூட்டைக் குறித்து வைத்த அந்தக் கோப்பைத் திறந்தேன். இருந்தது. நாற்பத்தொன்றில் தொடங்கி, இறங்கி இறங்கி, ஐந்து நாற்பத்தொன்றுக்குப் பதினேழு. அங்கேதான் நான் கேபிளை உருவினேன்.

கோப்பு அங்கே முடியவில்லை. ஐந்து நாற்பத்திரண்டுக்குப் பதினெட்டு. அடுத்த நிமிடம் பத்தொன்பது. நான் சரோஜா வீட்டில் கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க, எதிலும் சொருகப்படாமல் மேசையில் கிடந்த டிஸ்க்கின் சூடு நிமிடத்துக்கு ஒரு டிகிரியாக ஏறியிருக்கிறது. நிரலில் கோளாறு இருந்தால் கடைசி எண்ணையே திரும்பத் திரும்ப எழுதும், இல்லாவிட்டால் பிழை என்று எழுதும்; ஒன்று ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போகாது. எழுதியவள் நான், எனக்குத் தெரியும். ஆறு மணி ஒரு நிமிடத்துக்கு முப்பத்தேழு. அதோடு நின்றுவிட்டது.

முப்பத்தேழு என்பது டிஸ்க்குக்கு ஒரு பொருளும் இல்லாத எண். மனிதனுக்குத்தான் அது சரியான சூடு. பதினேழிலிருந்து அங்கே வந்துசேர இருபது நிமிடம் ஆகியிருக்கிறது. ஆழமான லெவலிலிருந்து கேஜ் என்கிற கூண்டு லிஃப்டில் மாறி மாறி ஏறி வெளிச்சத்துக்கு வர எத்தனை நிமிடம் ஆகும் என்று நான் அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. முனுசாமி மாமா இருந்தவரை அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சந்துருவிடம் அந்தக் கோப்பைக் காட்டவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. இப்போது எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி உண்டு, ஒன்று சரோஜா வீட்டில்கூட இருக்கிறது. அந்தக் கோப்புக்கு மட்டும் இல்லை. இரண்டு முறை பிரதி எடுக்க உட்கார்ந்தேன். இரண்டு முறையும் கை வரவில்லை. அது அந்தப் பழைய மடிக்கணினியில், அதற்குள்ளேயே இருக்கும் பழைய டிஸ்க்கில் கிடக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு திறந்து அதன் நாட்குறிப்பைப் படிக்கிறேன். நலம் என்றுதான் வருகிறது. பிறகு மடிக்கணினியின்மேல் உள்ளங்கையை வைத்து, வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுகிறேன்.